நீலன் திருச்செல்வம்: மனித உரிமைச் சட்டத்துக்கு வாழ்வைக் கொடுத்த அறிஞர்

சில மாதங்களுக்கு முன் கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தேன். சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் சலாம் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், எல்.எல்.பி. முடிச்சிட்டு மனித உரிமைச் சட்டத்துல மேல படிக்கலாம்னு இருக்கேன். வாப்பா, அதெல்லாம் சோறு போடாதுங்குறாங்க. அப்படி ஒரு படிப்பைப் படிச்சு யாராவது பெரிய ஆளா வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, எதிர்க்கரையில் வாழ்ந்த ஒருவரின் பெயர்தான் உடனே நினைவுக்கு வந்தது. அவர் இலங்கைத் தமிழரான நீலன் திருச்செல்வம். தம்பியின் வாப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. "குண்டு வச்சுக் கொன்னாங்களே, அவரா?" என்றார். நம் பகுதி மக்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்திருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். அவர் என்ன படித்தார், எதை ஆராய்ந்தார், அவர் உருவாக்கிய நிறுவனங்கள் பின்னாளில் வட இலங்கை முஸ்லிம்களுக்கு என்ன செய்தன என்பதை நம்மவர்கள் அதிகம் அறிந்திருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

குடும்பமும் கல்வியும்

நீலன் 1944 ஜனவரி 31 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தை முருகேசன் திருச்செல்வம் நாடறிந்த வழக்கறிஞர். அரசின் சொலிசிட்டர் ஜெனரலாகப் பணியாற்றியவர். செனட் சபை உறுப்பினர். 1965-இல் டட்லி சேனநாயக்க அமைத்த அரசில் தமிழரசுக் கட்சியின் சார்பில் உள்ளாட்சி அமைச்சராகவும் இருந்தவர். தமிழர் பகுதிகளுக்கு மாவட்ட சபைகள் அமைக்கப்படும் என்ற உடன்பாட்டை நம்பித்தான் அக்கட்சி அரசுக்குள் சென்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு அந்த மசோதாவைக் கைவிட்டது. 1968-இல் திருச்செல்வம் பதவி விலகினார். எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எப்படிக் காற்றில் போகும் என்பதைத் தன் வீட்டுக் கூடத்திலேயே பார்த்து வளர்ந்தவர் நீலன். அப்படி வளர்ந்தவர் சட்டத்தின் மீதே கசப்பு கொண்டிருக்கலாம். இவரோ சட்டத்தை இன்னும் ஆழமாகப் படிக்கப் போனார்.

கொழும்பு ராயல் கல்லூரியில் பள்ளிப் படிப்பையும் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பையும் முடித்தார். பின்னர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு சட்டப் பள்ளியில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து வெளிநாடு சென்று சட்டம் படித்தவர்களில் பெரும்பாலோர் லண்டன் சென்று பாரிஸ்டராகித் திரும்புவார்கள். கோர்ட்டில் வாதாடுவதே இலக்காக இருக்கும். நீலன் சட்டம் சமூகத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியோடு சென்றார். அந்தக் கேள்வியின் விளைவே அவருடைய ஆய்வு.

ஊர்ப் பஞ்சாயத்தை ஆராய்ந்தவர்

அவருடைய ஆய்வு, 'இலங்கையில் மக்கள் நீதி என்ற கருத்தியல்' என்ற பொருள்படும் தலைப்பில் 1984-இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பஞ்சாயத்து பேசிப் பழகிய நம் ஜமாஅத் நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இலங்கையில் 1958-இல் இணக்க சபைச் சட்டம் வந்தது. கிராமத்தில் வரும் வாய்த்தகராறு, வேலித்தகராறு, சிறு கடன் பாக்கி போன்றவற்றை ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய சபை முதலில் விசாரித்துச் சமாதானம் செய்யும். சமாதானம் ஆகவில்லை என்று அந்தச் சபை சான்று கொடுத்தால்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். கேட்பதற்கு மிக நல்ல ஏற்பாடு. பழைய கிராம சபைகளை மீட்டெடுக்கிறோம், நீதியை மக்களிடமே திருப்பித் தருகிறோம் என்றெல்லாம் அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. நடைமுறை வேறாக இருந்தது. சபை உறுப்பினர்களை நியமிப்பது அரசின் கையில் இருந்தது. ஆளும் கட்சி மாறும்போது சபையின் முகமும் மாறியது. கட்சிக்காரர்களின் கூடாரம் என்று பெயரெடுத்த பிறகு, 1970-களின் கடைசியில் அந்தச் சபைகள் கலைக்கப்பட்டன.

மக்கள் நீதி என்ற அழகான பெயருக்குப் பின்னால் யாருடைய அதிகாரம் இருக்கிறது என்பதே நீலன் ஆராய்ந்த கேள்வி. ஊர் கூடிப் பேசி முடிப்பது வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. ஊர் என்ற பெயரில் பேசுவது யார், அவர்களை யார் நியமித்தார்கள், பலவீனமானவர் அங்கே வாய் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கு. இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் எண் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் மீண்டும் வந்தபோது, உறுப்பினர்களை நியமிக்கும் பொறுப்பு அமைச்சரிடம் தரப்படவில்லை. முன்னாள் நீதிபதிகளும் அடங்கிய ஒரு தனி ஆணையத்திடம் தரப்பட்டது. அந்தச் சபையில் வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. 25,000 ரூபாய்க்கு உட்பட்ட தகராறுகள் முதலில் அங்கேதான் வர வேண்டும் என்று விதித்தார்கள். பிறகு அந்த வரம்பு உயர்த்தப்பட்டது. முதல் ஏற்பாட்டின் தவறிலிருந்து பாடம் கற்று இரண்டாவதை அமைத்தார்கள். இன்றும் அச்சபைகள் நடைபெறுகின்றன.

நம் ஃபிக்ஹ் நூல்களில் 'ஸுல்ஹ்' என்ற தலைப்பில் சமாதானத்துக்கு ஒரு தனிப் பாடமே இருப்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். கணவன் மனைவி பிணக்கில் இரு வீட்டாரிடமிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்கச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம். இரு தரப்புக்கும் ஆள் இருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையை நாம் எத்தனை இடங்களில் கடைப்பிடிக்கிறோம்? மஹல்லாக்களில் தலாக் விவகாரம் பேசும்போது பெண் தரப்பில் வாப்பாவோ காக்காவோ வாசலில் நிற்க, உள்ளே அத்தனை பேரும் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர்களாக உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மஜ்லிஸில் நானும் ஒருவனாக இருந்து வாய் மூடியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீலனின் ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மஜ்லிஸ்தான்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி கோர்ட் வரை வந்துவிட்டது. ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை, அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னைப் பள்ளிவாசல் ஒன்றில் இயங்கிவந்த ஷரீஅத் கவுன்சில் தொடர்பான பொதுநல வழக்கில், வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றம் போன்ற அமைப்புகள் இயங்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நம்மில் பலர் கோபப்பட்டோம். கோபப்பட்ட அளவுக்கு, சட்டத்துக்கு உட்பட்டு மத்தியஸ்தம் செய்வது எப்படி என்று படித்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டத்தில் சமூக மத்தியஸ்தம் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒரு பகுதி மக்களிடையே அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளை, இரு தரப்பும் சம்மதித்தால் மூன்று பேர் கொண்ட மத்தியஸ்தர் குழு மூலம் தீர்க்கலாம் என்று அது சொல்கிறது. நம் ஜமாஅத்துகளில் ஒருவராவது அந்தச் சட்டத்தை முழுமையாகப் படித்திருந்தால் நல்லது.

நிறுவனங்களும் அரசியலும்

ஹார்வர்டிலிருந்து திரும்பிய நீலன் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் பேராசிரியராகப் பெரும் வசதியோடு வாழ்ந்திருக்கலாம். அவர் கொழும்பில் இருந்துகொண்டு 1982-இல் இரண்டு நிறுவனங்களை உருவாக்கினார். வரலாற்றாசிரியர் கிங்ஸ்லி டி சில்வாவுடன் சேர்ந்து தொடங்கியது இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம். கண்டியிலும் கொழும்பிலும் அது இயங்கியது. பல இன, பல மத மக்கள் வாழும் நாடுகளில் மோதல் ஏன் வருகிறது, எந்த அரசியலமைப்பு ஏற்பாடு அதைத் தணித்திருக்கிறது என்று நாடுகளை ஒப்பிட்டு ஆராய்வது அதன் பணி. இரண்டாவது நிறுவனம் சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை. மனித உரிமை நிலை குறித்த அறிக்கைகள், சட்ட உதவி, சட்டச் சீர்திருத்தம் ஆகியவை அதன் பணிகள்.

இவை தொடங்கிய மறு ஆண்டே 1983 ஜூலைக் கலவரம் வெடித்தது. அந்த ஆண்டுதான் நீலன் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் வவுனியா தொகுதி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தார். பிரிவினையை ஆதரிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என ஆகஸ்டில் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. கூட்டணியினர் மறுத்துவிட்டதால் அனைவரும் பதவி இழந்தனர். அடுத்து இந்தியாவின் சார்பில் ஜி. பார்த்தசாரதி கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையே நடந்து, 'இணைப்பு சி' என்று அறியப்படும் அதிகாரப் பகிர்வு யோசனைகளை உருவாக்கியபோது, உடனிருந்து உழைத்த சட்ட அறிஞர்களில் நீலனும் ஒருவர்.

1994-இல் தேசியப் பட்டியல் வழியாக அவர் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். சந்திரிகா அரசின் அரசியலமைப்பு அமைச்சர் ஜி.எல். பீரிஸும் சட்டப் பேராசிரியர். அவ்விருவரும் சேர்ந்து உழைத்து உருவான அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை 1995 ஆகஸ்ட் 3 அன்று அரசு வெளியிட்டது. ஒற்றையாட்சி என்ற சொல்லை விட்டுவிட்டு, பிராந்தியங்களின் ஒன்றியமாக இலங்கையை அமைப்பது அதன் மையக் கருத்து. அதற்கு முன்னும் பின்னும் இலங்கையில் ஓர் அரசு தானாக முன்வந்து இவ்வளவு தூரம் இறங்கியதில்லை என்று சொல்லலாம். ஆனால் 1996-இலும் 1997-இலும் வந்த சட்ட வரைவுகளில் அது படிப்படியாக நீர்த்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வடக்கும் கிழக்கும் இணைந்த தமிழர் பிராந்தியம் என்றால் அதற்குள் வாழும் முஸ்லிம்களின் நிலை என்ன? நாட்டளவில் தமிழர் சிறுபான்மை. தமிழர் பிராந்தியத்துக்குள் முஸ்லிம்கள் சிறுபான்மை. கிழக்கில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊர்களுக்குள் வேறு சிலர் சிறுபான்மை. சிறுபான்மைக்குள் சிறுபான்மை என்ற இந்தச் சிக்கலுக்கு விடை காணாமல் இனப் பிரச்சினைக்குத் தீர்வு இல்லை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் முஸ்லிம்களுக்கான தென்கிழக்கு அலகு என்ற கோரிக்கையை அந்நாளில் வலுவாக முன்வைத்தார். அவரும் சட்டம் படித்தவர். அதே அரசில் அமைச்சராகவும் இருந்தவர். ஆயுதம் தாங்கிய தரப்புகள் முஸ்லிம்களை ஒரு தரப்பாகவே ஏற்க மறுத்த காலத்தில், அரசியலமைப்பு மேசையில்தான் அவர்களுடைய குரலுக்கு ஓர் இருக்கை கிடைத்தது என்பதை மறந்துவிட முடியாது.

1999 ஜூலை 29

நீலனைத் தமிழ்த் தேசியவாதிகளில் பலர் துரோகி என்றனர். சிங்களக் கடும்போக்காளர்கள் நாட்டைப் பிரிக்க வந்தவர் என்றனர். கொழும்பு மேட்டுக்குடிக்காரர், யாழ்ப்பாணத்துச் சாமானியன் படும் துன்பம் அவருக்குத் தெரியாது என்ற விமர்சனமும் இருந்தது. போர் நடத்திக்கொண்டிருந்த அரசோடு சேர்ந்து சட்டம் எழுதலாமா என்ற கேள்வியை நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அவருக்குக் கிடைத்த பதில் வேறு வடிவில் வந்தது.

1999 ஜூனில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய கடைசி உரைகளில் ஒன்றில், போர்க்களத்திலானாலும் வேறெங்கானாலும் மரணத்தைப் போற்றிக் கொண்டாடக் கூடாது, உயிரைத்தான் போற்ற வேண்டும் என்ற கருத்தில் பேசினார். அடுத்த மாதம் 29-ஆம் தேதி காலை, கொழும்பில் தம் வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் வழியில், தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் அவருடைய காரின் மீது பாய்ந்து குண்டை வெடிக்கச் செய்தார். அதே இடத்தில் நீலன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. விடுதலைப் புலிகள் பொறுப்பேற்கவில்லை. எனினும் அந்த இயக்கமே செய்தது என்பது அன்றும் இன்றும் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு ஜூலை 29-ஆம் நாள்தான், 1987-இல். சிறுபான்மையினர் உரிமைக்கான சர்வதேச அமைப்பான மைனாரிட்டி ரைட்ஸ் குரூப்பின் தலைமைப் பொறுப்பில் அப்போது அவர் இருந்தார். சில வாரங்களில் ஹார்வர்டு சென்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதாகவும் இருந்தது.

அவர் உழைத்த அரசியலமைப்பு, மேலும் மாற்றங்களோடு 2000 ஆகஸ்ட் 3 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் அவைக்குள்ளேயே அதன் பிரதியைக் கொளுத்தினர். மசோதா அத்துடன் நின்றது. அடுத்த மாதம் 16-ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் அஷ்ரஃபும் வஃபாத்தானார்.

வட மாகாண முஸ்லிம்களின் கதையை எழுதிய நிறுவனம்

ஆகஸ்ட் 3 என்ற தேதி இலங்கை முஸ்லிம்களுக்கு வேறொரு காரணத்தாலும் மறக்க முடியாதது. 1990-இல் அதே நாள் இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதே ஆண்டு அக்டோபரில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் சில நூறு ரூபாயுடன் அவர்கள் நடந்தனர். மன்னார் முஸ்லிம்களில் பலர் படகேறிக் கற்பிட்டி சென்று சேர்ந்தனர். மொத்தம் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் ஓலைக் குடிசைகளில் இருபது ஆண்டுகளைக் கழித்தனர்.

இந்தக் கொடுமைக்குப் பதில் சொல்ல எந்த நீதிமன்றமும் அமைக்கப்படவில்லை. 2002-இல் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் அன்டன் பாலசிங்கம் அதை ஓர் அரசியல் தவறு என்ற அளவில் ஒப்புக்கொண்டார். போர் முடிந்த பின் உலகின் கவனம் முள்ளிவாய்க்கால் மீது இருந்தது. இருக்கவும் வேண்டும். ஆனால் புத்தளத்தில் இருந்தவர்களைக் கேட்பார் இல்லை.

அப்போது அந்த வேலையைக் கையில் எடுத்தது நீலன் உருவாக்கிய சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளைதான். வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்து அது ஒரு குடிமக்கள் ஆணையத்தை அமைத்தது. தமிழர், முஸ்லிம், சிங்களர் என்று பலரும் அதில் பங்கு பெற்றனர். மாவட்டம் மாவட்டமாகச் சென்று மக்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தனர். பேராசிரியை ஃபர்சானா ஹனீஃபா முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய இறுதி அறிக்கை 2011 நவம்பரில் வெளியானது. யார் எங்கிருந்து எப்படி வெளியேற்றப்பட்டனர், என்ன இழந்தனர், திரும்பிப் போனவர்கள் தங்கள் நிலத்தில் என்ன கண்டனர் என்பதையெல்லாம் அது ஆவணமாக்கியது.

தமிழர் ஒருவர் தொடங்கிய நிறுவனம், தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களுக்குச் செய்த அநியாயத்தை எழுத்தில் நிறுத்தியது. தம்பியின் வாப்பாவிடம் அன்று நான் இதைத்தான் சொன்னேன். சோறு போடுகிறதோ இல்லையோ, இந்தப் படிப்பு செய்யும் வேலை இது. இதே பாதையில் முன்பே நடந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் குறிப்பிட வேண்டும். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர், எல்லாத் தரப்பும் செய்த கொலைகளையும் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான மருத்துவப் பேராசிரியை ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

ராதிகா குமாரசுவாமி: கொழும்பிலிருந்து ரோஹிங்யா வரை

நீலனுடன் இணைந்து பணியாற்றி, இனத்துவக் கற்கைகள் நிலையத்தின் பொறுப்பை ஏற்று நடத்தியவர் ராதிகா குமாரசுவாமி. 1953-இல் கொழும்பில் பிறந்தவர். யேல், கொலம்பியா, ஹார்வர்டு ஆகிய பல்கலைக்கழகங்களில் படித்தவர். பன்மைச் சமூகங்களில் நீதித்துறையின் பங்கு குறித்து நீலனுடன் சேர்ந்து அவர் தொகுத்த நூல் 1987-இல் வந்தது.

பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளராக 1994 முதல் 2003 வரை இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்கள் பற்றி 1996-இல் அவர் கொடுத்த அறிக்கை, ஐம்பது ஆண்டு மௌனத்தைச் சர்வதேச மேடையில் உடைத்த ஆவணங்களில் ஒன்று. பிறகு இலங்கை மனித உரிமை ஆணையத்தின் தலைவர். 2006 முதல் 2012 வரை போரில் சிக்கிய குழந்தைகளுக்கான ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புப் பிரதிநிதி.

நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டியது அவருடைய பிந்தைய பணி. மியான்மர் குறித்து ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் 2017-இல் அமைத்த உண்மை அறியும் குழுவில் மூன்று பேர். தலைவர் இந்தோனேசியாவின் மர்சூகி தாருஸ்மான். ராதிகாவும் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் சிடோட்டியும் உறுப்பினர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டனர். குழுவை மியான்மர் தன் நாட்டுக்குள் விடவே இல்லை. அவர்கள் முகாம்களுக்குச் சென்று பாதிக்கப்பட்டோரிடமும் நேரில் கண்டோரிடமும் 875 விரிவான நேர்காணல்கள் எடுத்து, செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, 2018-இல் அறிக்கை தந்தனர். ராணுவத் தலைமைத் தளபதி உள்ளிட்டோரை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்பது அதன் முடிவு.

அறிக்கையால் என்ன பயன் என்று கேட்கலாம். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவோடு காம்பியா என்ற சிறிய ஆப்பிரிக்க நாடு 2019 நவம்பரில் மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. எஞ்சியுள்ள ரோஹிங்யாக்களைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால உத்தரவிட்டனர். அந்த உத்தரவில் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட முக்கிய ஆதாரங்களில் ஒன்று இந்த மூவர் குழுவின் அறிக்கை. கண்டனப் பொதுக்கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். அவையும் தேவைதான். ஆனால் ஹேக் நகரத்து நீதிபதியின் மேசையில் போய் உட்கார்ந்தது சாட்சி, தேதி, இடம் எல்லாம் சரிபார்க்கப்பட்ட அந்தக் காகிதங்கள்தான்.

படிக்க விரும்புவோருக்கு

மனித உரிமை என்றதும் ஜெனீவா என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்திலேயே லேணா விளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கை அகதிகள் முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கேள்வி இன்னும் தீரவில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைச் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். அந்தப் பக்கம் வட மாகாண மீனவர்களுக்கும் நம் விசைப்படகுகள் மீது ஒரு நியாயமான குறை இருக்கிறது. வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரம் நாடறிந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் சட்டமும் தெரிந்து இரு தரப்பிடமும் பேசவும் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டு, பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். நமக்கு அருகில் திருச்சி அரசு சட்டக் கல்லூரி உள்ளது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறும். திருச்சியிலேயே உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும். மேற்படிப்பில் மனித உரிமைகளைத் தனிப் பாடமாக எடுக்கும் எல்.எல்.எம். சென்னையில் உண்டு. சட்டம் படிக்காத கலைப் பட்டதாரிகளுக்கு டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் நெல்சன் மண்டேலா பெயரிலான அமைதி மற்றும் மோதல் தீர்வு மையம் முதுகலைப் படிப்பை நடத்துகிறது. குறிப்பிட்ட சில மதரஸாக்களின் சான்றிதழை ஜாமிஆ இளங்கலைச் சேர்க்கைக்கு ஏற்கிறது என்பதை ஓதும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வில் மனித உரிமைகளும் கடமைகளும் என்பது ஒரு தனிப் பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் ஆய்வுக் காலத்துக்கு மாத உதவித்தொகை கிடைக்கும். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022-இல் நிறுத்திவிட்டதால், ஜே.ஆர்.எஃப். எடுப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

ஆங்கிலம் இல்லாமல் இந்தத் துறையில் நகர முடியாது. அரபி தெரிந்த ஆலிமுக்கு அது கூடுதல் பலம். பாலஸ்தீனம், சூடான், யெமன் பற்றிய வாக்குமூலங்களை மூலமொழியிலேயே படிக்கக்கூடியவர்கள் இந்தியச் சட்டக் கல்லூரிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கோட்டைப்பட்டினத்துத் தம்பி போன வாரம் போன் செய்தார். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பிக்க வாப்பா சம்மதித்துவிட்டாராம். நீலனைப் பற்றித் தமிழில் படிக்க ஏதும் கிடைக்குமா என்று கேட்டார். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலவசமாகப் படிக்கத் தரும் 'நூலகம்' இணையத் தளத்தின் முகவரியை அனுப்பியிருக்கிறேன்.